நன்றிக்கடன் வைக்காத பணம்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அதை ஒட்டியே ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்கும் வேலை தொடங்கிவிடும். பங்குனி வெயில் மெல்ல ஏறும். சந்தைக்கு மாவடு வர ஆரம்பிக்கும். அங்கிருந்து சித்திரை முடியும்வரை எங்கள் உறுப்பினர்கள் வீட்டு மொட்டைமாடி ஒன்றும் சும்மா கிடக்காது. கூழ் வடாம், மாவடு, நீர்மோர்ப் பந்தல். எங்களுக்கு இளவேனில் என்றால் இந்த மூன்றும்தான். முதல் இரண்டையும் விற்றுப் பணம் சேர்ப்போம். மூன்றாவதை வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்போம்.

சேர்கிற பணம், பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் நடக்கும். மே மாதம் முடிவு வரும். ஜூனில் கல்லூரிச் சேர்க்கை சூடுபிடித்திருக்கும். அரசு செய்கிற உதவிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால், 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் மாத உதவி கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. சேருவதற்கு முன்னால் வந்து நிற்கும் செலவுகள் வேறு. விடுதி முன்பணம், சீருடைத் துணி, தையல்கூலி, புத்தகம், நர்சிங் சேர்கிற பிள்ளைக்கு வெள்ளை ஷூ. மே கடைசிக்கும் ஜூன் நடுவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் கையில் பணம் இல்லாமல் எத்தனையோ பெண்களின் படிப்பு நின்றுபோகிறது. எங்கள் பணம் அந்த வாரங்களுக்குள் தயாராக இருந்தாக வேண்டும். அதனால்தான் பங்குனியிலேயே அடுப்பு மூட்டுகிறோம்.

வடாம் பிழிவது விடிவதற்கு முன்னால் செய்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்தால்தான் அன்றைய வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். பச்சரிசி மாவும் ஜவ்வரிசியும் கொதிக்கிற தண்ணீரில் வெந்து கூழாகிக் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, பெருங்காயம், கடைசியில் அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழச் சாறு. எங்கள் சங்கத்தின் மூத்த மாமி ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்: "கூழ்ல உப்பு கொஞ்சம் கம்மியாத்தான் தெரியணும். காஞ்சா தானா ஏறும்." வெள்ளை வேட்டியை விரித்து ஓமப்பொடி அச்சில், தேன்குழல் அச்சில் பிழிவோம். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, ஆள் மாற்றி ஆள் காவல் இருப்போம். மாலையில் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடாத்தை உரித்து, மறுபடி இரண்டு மூன்று நாள் தாம்பாளத்தில் காய வைக்க வேண்டும். ஒடித்தால் 'டக்'கென்று முறிகிற பதம் வரும்வரை டப்பாவில் போட முடியாது.

மாவடு இன்னும் பொறுமை கேட்கும். காம்பைச் சற்று விட்டு நறுக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி என்று ஜாடியில் அடுக்கடுக்காகப் போட வேண்டும். அதன் பிறகு தினமும் ஜாடியைக் குலுக்கிவிடுவதுதான் வேலை. உப்பு வடுவிலிருந்து நீரை இழுக்கும். அந்த நீரிலேயே வடு ஊறித் தோல் சுருங்கும். ஈரக்கை பட்டால் ஜாடி முழுவதும் கெட்டுவிடும் என்பதால் ஒரு ஜாடிக்கு ஒருவர்தான் பொறுப்பு.

விலை வைப்பதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். எங்கள் உழைப்புக்குக் கூலி இல்லை என்பதால் கடைவிலையைவிடக் குறைத்து விற்க எங்களால் முடியும். அப்படிச் செய்வதில்லை. இதே ஊரில் வடாமும் அப்பளமும் விற்றுக் குடும்பம் நடத்துகிற மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய அந்தக் குழுக்களால்தான் எத்தனையோ பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தார்கள். வங்கியில் வேலை பார்த்தபோது அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியம் வாங்குகிற நாங்கள் இலவச உழைப்பைக் காட்டி விலையைக் குறைத்தால், அது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். எனவே எங்கள் விலை அவர்கள் விலைக்குக் கீழே போகாது. அப்பளத்தை நாங்கள் இடுவதே இல்லை. அவர்களிடம் வாங்கித்தான் விற்கிறோம்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிற தொகையை ஊரில் நாலு பெரிய மனிதர்களிடம் கேட்டால் ஒரே நாளில் கொடுத்துவிடுவார்களே என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். முன்பு எங்கள் சங்கமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வழியை ஏன் விட்டோம் என்று சொல்வதானால், நான் நெடுங்காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் உறையூர்க்காரி. வெள்ளைக்காரர் காலத்தில் கடல் தாண்டிப் பேர்பெற்ற திருச்சிச் சுருட்டு எங்கள் தெருக்களில்தான் சுற்றப்பட்டது. அப்பா பட்டறையில் சுருட்டுச் சுற்றினார். நூறு சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கையில் புகையிலை வாசனை போகாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். பி.யூ.சி. சேர்க்க வழியில்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லி, நகரத்தில் இருந்த ஒரு பெண்கள் சங்கம் என் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது.

கட்டணத்தை ஆண்டு விழாவில் கொடுத்தார்கள். என்னை மேடைக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் என் பெயரையும் அப்பாவின் தொழிலையும் அவர் வாரக் கூலியையும் என்னோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் வாசித்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. வாசித்த அம்மாவின் குரலில் பரிவுதான் இருந்தது. உறையை என் கையில் வைத்தபோது அவர்கள் கையையும் எடுக்காமல் அதன்மேல் வைத்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர் இன்னொரு தரம் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து கைகூப்பினார். விழா முடியும்வரை அவர் உட்காரவே இல்லை.

அந்தக் கும்பிடு அன்றோடு முடியவில்லை. கடைத்தெருவில் அந்தச் சங்கத்து அம்மாக்களில் யாரைப் பார்த்தாலும் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்குப் போய்விடும். என்னையும் கும்பிடச் சொல்வார். அந்த அம்மாக்கள் ஒருநாளும் அதைக் கேட்டவர்கள் அல்லர். "அதெல்லாம் எதுக்குங்க" என்று சொன்னவர்கள்கூட உண்டு. ஆனால் வாங்கியது ஊருக்கே தெரியும் என்னும்போது, கும்பிடாமல் போனால் நன்றி கெட்டவர் ஆகிவிடுவோம் என்ற பயம் அப்பாவுக்கு. எந்தக் கடனையும் மிச்சம் வைக்காத மனிதர் அவர். மளிகைக்கடைப் பாக்கியை முதல் வேலையாகத் தீர்ப்பவர். இந்த ஒரு கடனைத் தீர்ப்பதற்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. தீருகிற கடனாக அதை யாரும் கொடுக்கவும் இல்லை.

அந்தப் பணம் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை, வங்கி வேலை இல்லை, என் தம்பிகளின் படிப்பும் இல்லை. என் நன்றி உண்மை. அந்த மேடையில் என் உடம்பு கூசியதும் உண்மை. வயது ஏறஏற ஒன்று மற்றதைக் கரைத்துவிடும் என்று நினைத்தேன். இரண்டும் அப்படியே இருந்தன. வேலையில் சேர்ந்த பிறகு, கல்லூரிக் காலத்தைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றுவேன். யார் படிக்க வைத்தார்கள் என்ற கேள்வி வந்துவிடுமோ என்று இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் வீட்டுக்காரரிடமே சொன்னேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து இந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். கணக்கு எழுதத் தெரியும் என்பதால் பொருளாளர் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒரு மாசி மாதச் செயற்குழுவில் உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றிலும் புகைப்படம். எந்தப் பிள்ளை மேடையில் நன்றாகப் பேசும், யாரைப் பேச வைத்தால் நன்கொடையாளர்களுக்கு மனம் நிறையும் என்று பேச்சுப் போனது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் என்னால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நானும் அப்படி ஒரு மேடையில நின்னவதான்" என்று தொடங்கினேன். உறையூர், சுருட்டு, உறை, புகைப்படம், அப்பாவின் துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முதலில் பேசியவர் மாமிதான். "இத்தனை வருஷமா நாம நிறுத்தின கொழந்தைகளும் இப்படித்தான் நெனச்சுண்டு நின்னிருக்குமோ?" என்றார். பிறகு நேரே கேட்டார்: "சரிம்மா, கொடுக்கறவா பாக்கணும்னு கேக்கறாளே. அவாளும் நம்பித்தானே கொடுக்கறா? அவாளுக்கு என்ன பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்வி. கொடுத்த பணம் எங்கே போனது என்று அறியும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் அந்த நம்பிக்கையை எப்படிக் கொடுப்பது என்று அன்று வெகுநேரம் பேசினோம். அப்போது எங்களில் வயதில் சிறியவர், பள்ளி ஆசிரியை ஒருவர், "அப்படிக் கேட்காத பணத்தை நாமே சம்பாதிச்சா என்ன அக்கா?" என்றார். வீட்டுக்கு வீடு அந்த வாரம் வடாம் பிழிந்துகொண்டிருந்தோம். பதில் மாடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

விற்பதில் இருக்கிற பெரிய நன்மையை அன்றுதான் உணர்ந்தேன். வடாம் வாங்குகிறவர் பணம் தருகிறார், நல்ல வடாமாக வாங்கிப் போகிறார். கொடுக்கல் வாங்கல் அந்த இடத்திலேயே நேராகிவிட்டது. அவருக்கு யாரும் எதுவும் பாக்கியில்லை. அவர் வீட்டுக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள வறுத்த வடாமே அவருக்குக் கிடைத்த பலன். அந்தப் பணத்தில் படிக்கிற பெண் அவரை வழியில் பார்த்தால் தலைகுனிய வேண்டியதில்லை. அவர் யாரென்றே இவளுக்குத் தெரியாது, இவள் யாரென்று அவருக்கும் தெரியாது. உழைத்த எங்களுக்கோ, விடிகாலையில் பத்துப் பெண்கள் கூடிச் சிரித்துப் பேசி வேலை செய்த மகிழ்ச்சி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இப்படி மூன்று பக்கமும் நேரான பிறகு கல்லூரிக்குப் போகிற பணத்தில் நன்றிக்கடன் ஒட்டிக்கொண்டு போவதில்லை.

கணக்கில் மட்டும் முன்பைவிடக் கண்டிப்பாக இருக்கிறோம். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். விண்ணப்பங்களை இருவர் மட்டுமே பார்க்கிறோம். வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் அந்த இருவர்தான். கட்டணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும். விடுதி, சீருடைச் செலவுகளுக்கு ரசீது வாங்கிக் கோப்பில் வைப்போம். தணிக்கையாளர் ரசீதைப் பார்ப்பார். பொதுக்குழுவில் எத்தனை பேர், என்ன படிப்பு, எவ்வளவு தொகை என்பதை மட்டும் வாசிப்போம். பெயர் வராது, படம் வராது. விற்கிற பொட்டலத்திலும் இதே ஒழுங்கு உண்டு. என்ன சேர்த்திருக்கிறோம், என்று செய்தது, எவ்வளவு எடை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். வாங்குகிறவருக்கு நம்பிக்கை கொடுப்பது ஒழுங்கான கணக்குதான் என்று வங்கியில் கற்றுக்கொண்டது இங்கே பயன்பட்டது.

நன்கொடையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் சங்கங்கள் ஊரிடம் கேட்டுச் சேர்த்த பணத்தில் இந்த மாநிலத்தில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. 1917-இல் சென்னை அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தச் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் வெறும் 12 படுக்கைகளோடு அது திறந்தது. அத்தனை பெரிய காரியத்தை வடாம் விற்றுச் செய்துவிட முடியாது. மருத்துவமனைக்குக் கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறிக்கலாம், அதில் தப்பில்லை. படுக்கையில் கிடக்கிற நோயாளியை எழுப்பி அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துவதில்லையே. கொடுத்தவரைக் காட்டுவது வேறு, பெற்றவரைக் காட்டுவது வேறு. எங்களுக்கும் இப்போது நன்கொடை தருகிறவர்கள் உண்டு. அரிசி மூட்டையாக, ஜாடியாக, எரிவாயு உருளையாகத் தருகிறார்கள். அவர்கள் பெயரை ஆண்டறிக்கையில் மகிழ்ச்சியோடு அச்சிடுகிறோம்.

பெற்றவரைக் காட்டாமலே கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு எனக்கு வலுச் சேர்த்தது எங்கள் நீர்மோர்ப் பந்தல். பூச்சொரிதல் தொடங்கியதிலிருந்து 28 நாள் சமயபுரத்தம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த நாள்களில் அம்மனுக்குத் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். அப்போதிருந்து சித்திரைத் தேர்வரை மஞ்சள் ஆடை கட்டிய கூட்டம் காவிரிப் பாலத்தையும் கொள்ளிடப் பாலத்தையும் தாண்டி நடந்துகொண்டே இருக்கும். வழிநெடுகப் பந்தல்கள். நாங்களும் ஒன்று போடுவோம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்த மோர். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்த பானகம். வருகிறவர் டம்ளரை நீட்டுவார், நாங்கள் ஊற்றுவோம், குடித்துவிட்டு நடப்பார். எந்த ஊர், என்ன வருமானம், உண்மையிலேயே தாகமா என்று எந்தப் பந்தலிலும் யாரும் கேட்டதில்லை. காரில் வந்து இறங்குகிறவரும் வெறுங்காலில் நடந்து வருகிறவரும் ஒரே பானையிலிருந்துதான் குடிக்கிறார்கள். தாகத்துக்குக் கொடுக்கும்போது இவ்வளவு நயமாகக் கொடுக்கத் தெரிந்த ஊர், படிப்புக்குக் கொடுக்கும்போதும் அப்படியே கொடுக்கலாம்.

கடன் வைக்காமல் கொடுத்தால் நன்றி என்பதே இல்லாமல் போய்விடும் என்று சிலர் அஞ்சினார்கள். நடந்தது வேறு. எங்கள் உதவியில் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா அடுத்த பங்குனியில் மாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மா, வடாம் பிழிய ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். எனக்கும் நல்லாப் பிழிய வரும்" என்றார். விவரம் தெரிந்த இருவரில் நானும் ஒருத்தி. மாமிக்குத் தெரியாது. "வாம்மா, வா, கை கால அலம்பிண்டு வா" என்று மாமி உள்ளே அழைத்து அச்சைக் கையில் கொடுத்துவிட்டார். அன்று அவர் பிழிந்த தேன்குழல் வடாம்தான் எல்லாவற்றிலும் ஒரே சீராக இருந்தது. மாமி அதை எல்லோரிடமும் காட்டிப் பாராட்டினார். அந்த அம்மா மகிழ்ந்து சிரித்தார். அவர் அங்கே உதவி பெற்றவராக வரவில்லை, கைத்திறமை உள்ள ஒருத்தியாக வந்தார், அப்படியே மதிக்கவும் பட்டார். என் அப்பாவுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் அவர் எவ்வளவு ஆனந்தமாக நுழைந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். யாரும் வரச் சொல்லாமல் தானாக வருவதுதான் நன்றி. கேட்டு வாங்கினால் அது வசூல்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும். இந்த ஆண்டும் மே மாதத்தில் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட நினைத்திருப்பீர்கள். மேடையும் பதாகையும் ஏற்பாடு செய்வதற்கு முன்னால், உதவி பெறப்போகும் பெண் பத்து வருடம் கழித்துத் தன் அலுவலகத்தில், தன் மாமியார் வீட்டில், இந்த நாளைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். முடியும் என்ற பதில் வரும்படி ஏற்பாட்டை அமையுங்கள். விற்றுச் சேர்க்க முடிந்ததை விற்றுச் சேருங்கள். நன்கொடை வாங்கினால், ரசீதைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். கட்டணத்தைக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள். அந்தப் பெண் படித்து முடித்து உங்கள் ஊர்க் கடைத்தெருவில் உங்களைக் கடந்து போகும்போது, உங்களை அடையாளம் தெரியாமலே நிமிர்ந்து நடந்து போனால், உங்கள் உதவி முழுமையாக அவளைச் சேர்ந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.